தம்பி, தங்கைக்கு செமஸ்டர் ஆரம்பம்: ஃபீஸ் கட்டுற நீங்க முதல் வாரத்துலயே முடிக்க வேண்டிய மூணு வேலை



ஜூன், ஜூலை வந்தாலே நம்ம திருவண்ணாமலையில இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை, பேங்க் மூணுலயும் கூட்டம்தான். காலேஜ் சேர்ற பசங்களும் அப்பா அம்மாவும் வரிசையில நிப்பாங்க. ஆனா ஃபீஸ் பணம் எங்கிருந்து வருதுன்னு பார்த்தா, பல வீடுகள்ல அது செய்யாறு சிப்காட்ல வேலை பார்க்குற அக்காவோட சம்பளம். இல்லன்னா சென்னையிலயோ பெங்களூருலயோ இருக்குற அண்ணனோட சம்பளம்.

செமஸ்டர் ஆரம்பத்துல எப்படித் திட்டமிடணும்னு மாணவர்களுக்கு எல்லாரும் அறிவுரை சொல்றாங்க. ஃபீஸ் கட்டுறவங்களுக்கு யாரும் சொல்றதில்லை. ஒரு சான்றிதழ் காலாவதி ஆனாலோ, ஒரு தேதி தவறினாலோ, நஷ்டம் உங்க சம்பளத்துலதான் விழும். அதனால காகிதம், தேதி, பணம் இந்த மூணையும் முதல் வாரத்துலயே ஒழுங்குபடுத்திடுங்க.

1. காகிதம்: எல்லாம் ஒரே ஃபைல்ல

ஒரு ஃபைல் வாங்கி இதையெல்லாம் போடுங்க: ஆதார், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ், 10, 12ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பாஸ்புக் முதல் பக்கம், சேர்க்கை ஆணை, கட்டின ஒவ்வொரு ஃபீஸ் ரசீது. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி உங்க போன்லயும் ஒரு பிரதி வச்சுக்கோங்க. நீங்க வெளியூர்ல இருந்தாலும் அப்பா போன் பண்ணிக் கேட்டா உடனே அனுப்பலாம்.

இதுல கவனிக்க வேண்டிய நாலு விஷயம்:

வருமானச் சான்றிதழ் ஒரு வருஷம்தான் செல்லும். கல்வி உதவித்தொகையை ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கணும். அப்போ புது சான்றிதழ் கேப்பாங்க. விண்ணப்பம் விஏஓ, வருவாய் ஆய்வாளர்னு தாண்டி வரணும். கடைசி தேதிக்கு முந்தின நாள் போய் நின்னா வேலைக்கு ஆகாது.

முதல் பட்டதாரி கல்விக் கட்டணச் சலுகை, தொழிற்கல்வி படிப்புகள்ல அரசு கவுன்சிலிங் மூலமா சேர்ந்தவங்களுக்குத்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இல்லை. ஒரு குடும்பத்துல ஒருத்தருக்குத்தான் கிடைக்கும். நீங்களே பட்டதாரின்னா தம்பிக்கு அது வராது. இருக்குன்னு நினைச்சு பட்ஜெட் போடாதீங்க.

புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5ஆம் தேதியும், தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9ஆம் தேதியும் தொடங்கினது. அரசுப் பள்ளியில 6 முதல் 12 வரை படிச்சு உயர்கல்வி சேர்ந்தவங்களுக்கு மாசம் ரூ.1,000. அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் வழியில படிச்சவங்களுக்கும் உண்டு. பணம் நேரா மாணவரோட பேங்க் கணக்குக்கு வரும். இங்கதான் பலருக்குச் சிக்கல். பேங்க்ல ஆதார் நகல் கொடுத்திருக்கிறது வேற, அரசுப் பணம் வர்றதுக்கு ஆதாரை அந்தக் கணக்கோட இணைக்கிறது வேற. காலேஜ்ல புதுசா ஒரு கணக்கு தொடங்கி அதுல ஆதாரை இணைச்சா, பணம் பழைய கணக்கை விட்டு அங்க போயிடும். வரலையேன்னு ஆறு மாசம் கழிச்சுத் தேடுறதை விட, ‘மைஆதார்’ தளத்துல எந்த பேங்க் இணைஞ்சிருக்குன்னு இப்பவே பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை.

அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்துடணும், காலேஜ்லயே பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு யுஜிசி 2018லயே அறிவிச்சிருக்கு. கொடுத்தது என்ன, திரும்பி வந்தது என்னன்னு ஒரு தாள்ல எழுதி அதே ஃபைல்ல வைங்க.

2. தேதி: ஆறு மாசத்தையும் இன்னைக்கே பாருங்க

போன் காலண்டர்ல இந்தத் தேதிகளைப் போடுங்க: ஃபீஸ் கடைசி நாள், உதவித்தொகை விண்ணப்பம், தேர்வுக் கட்டணம், அடுத்த செமஸ்டர் ஃபீஸ். ஒவ்வொண்ணுக்கும் 15 நாள் முன்னாடி ஒரு நினைவூட்டல்.

ஏன் இவ்வளவு முன்னாடின்னா, நம்ம ஊர் கணக்கு அப்படி. தேர்வுக் கட்டணம் கேட்குற சமயத்துல தீபாவளி வரும். செமஸ்டர் தேர்வு நடக்குற நவம்பர், டிசம்பர்ல கார்த்திகை தீபம் வரும். வீடு நிறைய சொந்தக்காரங்க. அது முடிஞ்ச கையோட அடுத்த செமஸ்டர் ஃபீஸ், பின்னாடியே பொங்கல். நாலு மாசத்துக்குள்ள அஞ்சு பெரிய செலவு. இது ஒவ்வொரு வருஷமும் வர்றதுதான். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் கடன்லதான் முடியுது.

இன்னொண்ணு, பௌர்ணமி தேதிகளையும் குறிச்சுக்கோங்க. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதைக்கு வர்ற கூட்டத்துல, வேங்கிக்கால்ல இருக்குற கலெக்டர் ஆபீஸுக்கோ பேங்குக்கோ போய்த் திரும்பறதே பெரிய வேலை. ஒரு நாள் லீவு போட்டு ஊருக்கு வர்றீங்கன்னா அந்த நாளைத் தவிர்த்துடுங்க.

3. பணம்: அடுத்த ஃபீஸுக்கு இந்த மாசமே

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்க வீட்டு எண்களை நீங்க மாத்திக்கலாம்.

செமஸ்டர் ஃபீஸ் ரூ.35,000
தேர்வுக் கட்டணம் ரூ.2,000
புத்தகம், ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ் ரூ.3,000
பஸ், ரீசார்ஜ், கைச்செலவு மாசம் ரூ.1,000 வீதம் ரூ.6,000
மொத்தம் ரூ.46,000

தமிழ்ப் புதல்வன் மாதிரி மாசம் ரூ.1,000 வந்தா கைச்செலவு அதுலயே அடங்கிடும். மீதி ரூ.40,000. ஆறால வகுத்தா மாசம் சுமார் ரூ.6,700. (ஃபீஸை வருஷத்துக்கு ஒரு தடவை வாங்குற காலேஜ்னா, ஒரு வருஷச் செலவை 12ஆல வகுங்க.) சம்பளம் வந்த மறுநாளே இந்தத் தொகை தனி சேமிப்புக் கணக்குக்குத் தானா போற மாதிரி செட் பண்ணுங்க. அந்தக் கணக்கை யுபிஐயில சேர்க்காதீங்க.

சம்பளம் ரூ.25,000ன்னா இது கால் பங்குக்கு மேல. அதனால அப்பா அம்மாகிட்ட இப்பவே உட்கார்ந்து பேசிடுங்க: நான் மாசம் இவ்வளவுதான் ஒதுக்க முடியும், மீதிக்கு என்ன வழி? இதைப் பேசக் கூச்சமாத்தான் இருக்கும். பேசாம விட்டா டிசம்பர்ல கிரெடிட் கார்டுதான் கைகொடுக்கும். ரூ.40,000 பாக்கியை மாசம் 3.5 சதவீத வட்டியில இழுத்தா வட்டி மட்டும் மாசம் ரூ.1,400. அதுக்கு மேல ஜிஎஸ்டி.

கடன் வாங்கித்தான் ஆகணும்னா

உங்க பேர்ல பர்சனல் லோன் எடுக்குறதுக்கு முன்னாடி, தம்பி பேர்ல கல்விக் கடன் கிடைக்குமான்னு பாருங்க. ரூ.4 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் கேட்க மாட்டாங்க. பொதுவா படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை கட்ட வேண்டாம். ஆனா அந்தக் காலத்துக்கும் வட்டி சேர்ந்துட்டேதான் இருக்கும். பேங்க் பணத்தைத் தவணை தவணையா நேரா காலேஜுக்கு அனுப்பும். அதுக்கு ஒவ்வொரு தடவையும் காலேஜோட ஃபீஸ் கடிதம், முந்தின செமஸ்டர் மதிப்பெண் பட்டியல் கொடுக்கணும். இதையும் காலண்டர்ல போடுங்க. அந்தக் கடன்ல நீங்க இணைக் கடன்தாரரா கையெழுத்துப் போட்டா, தவணை தவறும்போது உங்க சிபில் ஸ்கோரும் விழும். நாளைக்கு உங்க வீட்டுக் கடனுக்கு அது தடையா வந்து நிக்கும்.

வரிச் சலுகை உண்டா?

அடிக்கடி வர்ற கேள்வி. நேரடியா சொல்லிடறேன். 80சி-யில டியூஷன் ஃபீஸ் கழிவு உங்க பிள்ளைகளுக்கு மட்டும்தான், தம்பி தங்கைக்கு இல்லை. 80இ-யில கல்விக் கடன் வட்டிக் கழிவு, நீங்க, உங்க துணை, உங்க பிள்ளைகள், நீங்க சட்டப்படி பாதுகாவலரா இருக்குற மாணவர், இவங்க படிப்புக்காக உங்க பேர்ல வாங்கின கடனுக்குத்தான். இந்த ரெண்டுமே பழைய வரி முறையில மட்டும். 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில ரூ.12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரியே வராது. அதனால ‘வரி மிச்சமாகும்’னு யாராவது சொன்னா, அதை நம்பிக் கடன் எடுக்காதீங்க.

ஒரு நல்ல செய்தி: உடன்பிறந்தவங்களுக்கு நீங்க அனுப்புற பணத்துக்கு அவங்க கையில வரி கிடையாது. தயங்காம பேங்க் மூலமாவே அனுப்புங்க, கணக்கும் இருக்கும்.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. தம்பியையோ தங்கையையோ பக்கத்துல உட்கார வச்சு இதையெல்லாம் செய்யுங்க. ஒரு செமஸ்டருக்கு எவ்வளவு ஆகுதுன்னு படிக்கிறவங்களுக்கும் தெரியட்டும். அடுத்த செமஸ்டர்ல அந்த ஃபைலை அவங்களே பார்த்துப்பாங்க.