ஆடியில் உபரி, தையில் பற்றாக்குறை

நேபாளத்தின் நீர்மின் வளத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 83,000 மெகாவாட் என்ற எண்ணில்தான் தொடங்குகின்றனர். ஹரிமான் சிரேஷ்டா என்ற பொறியாளர் 1966-இல் மாஸ்கோவில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டின் மதிப்பீடு அது. ஆறுகளின் ஆண்டு சராசரி நீரோட்டத்தையும் அவை இறங்கும் உயரத்தையும் கொண்டு கணிக்கப்பட்டது. இதில் கவனிக்க வேண்டிய சொல் 'சராசரி' என்பேன். இமயமலை ஆறுகளில் ஓடும் நீரின் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களிலேயே ஓடித் தீர்ந்துவிடுகிறது. சராசரி நீர் எந்த மாதத்திலும் ஓடுவதில்லை.

இன்று அந்நாட்டின் மின்நிலையத் திறன் 3,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனால், அவற்றில் பெரும்பாலானவை நீரைத் தேக்குவன அல்ல. ஆற்றின் குறுக்கே சிறு தடுப்பணை எழுப்பி, நீரைச் சுரங்கம் வழியே திருப்பி, கீழே டர்பைனைச் சுழற்றிவிட்டு மீண்டும் ஆற்றிலேயே விடுகிறார்கள். செலவு குறைவு, ஊர்கள் மூழ்குவதில்லை. எனினும், ஆண்டில் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் மட்டுமே கிடைக்கும் நீரளவுக்கு ஏற்பவே இந்நிலையங்கள் வடிவமைக்கப்படுகின்றன. தை, மாசியில் உற்பத்தி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். வீடுகளில் ஹீட்டர் எரியும் காலமும் அதுவே. இதனால்தான் தனியார் நிலையங்களுக்கு அந்நாட்டு மின்சார ஆணையம் மழைக்காலத்தில் யூனிட்டுக்கு 4.80 நேபாள ரூபாயும் வறண்ட காலத்தில் 8.40 ரூபாயும் என இருவேறு விலை நிர்ணயித்தது.

2008-09 குளிர்காலத்தில் நேபாளத்தில் நாளொன்றுக்கு 16 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியது. 2016-க்குப் பின் குல்மான் கீசிங் தலைமையில் மின்சார ஆணையம் அதை ஒழித்தது பாராட்டத்தக்கதே. ஆயினும், தல்கேபார்-முசாபர்பூர் மின்தடம் வழியே இந்தியாவிலிருந்து வந்த மின்சாரம் இல்லாமல் அது இயன்றிராது.

2021 நவம்பரில் இந்தியச் சந்தையில் விற்கவும் வழி திறந்தது. சீனத் தொடர்புள்ள நிலையங்களின் மின்சாரத்தை மட்டும் இந்தியா ஏற்பதில்லை. அதாவது, எதை விற்கலாம் என்பதை வாங்குபவரே முடிவு செய்கிறார். வங்கதேசத்துடன் 2024 அக்டோபரில் கையெழுத்தான ஒப்பந்தமும் ஜூன் 15 முதல் நவம்பர் 15 வரைக்கு மட்டுமே, அதுவும் 40 மெகாவாட்டுக்கு. குளிர்காலத்தில் விற்க நேபாளத்திடம் மின்சாரம் ஏது?

நீரைத் தேக்கிவைத்துக் குளிர்காலத்தில் திறப்பதே இதற்கு நேரடியான விடை. 1982-இல் செயல்படத் தொடங்கிய குலேகானி அப்படிப்பட்டது. அதன் நீர் அடுத்தடுத்து மூன்று நிலையங்களை இயக்கியும் மொத்தம் 106 மெகாவாட்தான். 1993 ஜூலையில் பெய்த பெருமழை அதன் நீர்க்குழாயை உடைத்தது. மலைச்சரிவின் மண் நீர்த்தேக்கத்தில் படிந்தது. இமயமலை இன்னும் உயர்ந்துகொண்டிருக்கும் இளம் மலை. அதன் ஆறுகள் நீருடன் மண்ணையும் சுமந்தே வருகின்றன. ஆகவே, தேக்கிவைப்பதே முழுத் தீர்வு என்போரை நான் ஐயத்துடனேயே பார்க்கிறேன். மழைக்கால உபரியைச் சமையல் அடுப்புக்கும் வாகனங்களுக்கும் திருப்பினால், இறக்குமதியாகும் எரிவாயுவும் பெட்ரோலும் குறையும். இது உடனே பலன் தரும். அங்கு புதிதாக இறக்குமதியாகும் கார்களில் பெரும்பகுதி ஏற்கெனவே மின்கார்கள்தாம்.

எனினும், குளிர்காலப் பற்றாக்குறைக்கு ஓரிரு பெரிய நீர்த்தேக்கங்களேனும் தேவை. 1,200 மெகாவாட் திறனுள்ள புடி கண்டகித் திட்டம் அதற்கெனத் தீட்டப்பட்டதே. அதன் பெயரால் 2016-இல் பெட்ரோல், டீசலுக்கு லிட்டருக்கு 5 ரூபாய் வரி விதித்தார்கள். கோர்க்கா, தாதிங் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் நிலம் எடுக்கப்பட்டது. ஒப்பந்தம் ஒரு சீன நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டு, பறிக்கப்பட்டு, மீண்டும் கொடுக்கப்பட்டு, 2022-இல் மறுபடியும் ரத்தானது. அணை இன்னும் எழும்பவில்லை.