இணையத்தில் ஆங்கிலம்: எதைத் திறப்பது, எப்போது மூடுவது?

1920-களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயரை ஒரு கேள்வி குடைந்துகொண்டிருந்தது. வங்காளத்துப் பையன்கள் வருடக்கணக்கில் ஆங்கிலம் படிக்கிறார்கள். ஆனால் பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒரு சின்னக் கதையைக் கொடுத்தால் திணறுகிறார்கள். என்ன காரணம்? வகுப்பில் புழங்கிய வாசிப்புப் புத்தகங்களைப் புரட்டியபோது விடை கிடைத்தது. அபூர்வமான சொற்களும் வழக்கொழிந்த சொற்களும் அவற்றில் நெருக்கியடித்துக் கிடந்தன. ஒரு புதுச்சொல் மனதில் உட்காருவதற்குள் அடுத்தது வந்து அதைத் தள்ளிவிட்டது.

இன்றைய ஒன்பதாம் வகுப்பு மாணவிக்குப் புத்தகப் பஞ்சம் இல்லை. கைபேசியைத் திறந்தால் ஆயிரம் காணொளிகள், நூறு செயலிகள், 'முப்பதே நாளில் சரளமான ஆங்கிலம்' என்ற வாக்குறுதிகள். ஆனால் நோய் மாறவில்லை. வந்து குவிவது அதிகம், உட்காருவது குறைவு. எனவே எந்தத் தளம் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், மூளையில் ஒரு சொல் எப்படித் தங்குகிறது என்று கேட்பது நல்லது.

இரண்டாயிரம் சொல் போதுமா?

வெஸ்ட் தன் புத்தகங்களில் அரிய சொற்களைக் களைந்தார். புதிய சொற்களை இடைவெளி விட்டு விதைத்தார். ஒவ்வொன்றும் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்படி எழுதினார். 1935-ல் அவர் உருவாக்கிய அகராதி, ஏறக்குறைய 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் வெறும் 1,490 எளிய சொற்களைக் கொண்டே பொருள் சொன்னது. 1953-ல் சுமார் 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியலை வெளியிட்டார். சாதாரண ஆங்கிலப் பக்கம் ஒன்றில் ஏறத்தாழ 80 சதவீதம் இந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடும். காரணம் எளிது: எந்த மொழியிலும் சில சொற்கள்தான் ஓயாமல் உழைக்கின்றன. ஆங்கிலத்தில் 'தி' என்ற ஒற்றைச் சொல்லே நூற்றுக்கு ஆறேழு தடவை வந்துவிடுகிறது.

லாங்மன் நிறுவனம் 1978-ல் வெளியிட்ட மாணவர் அகராதி இதே வழியில் சுமார் 2,000 சொற்களுக்குள் நின்று பொருள் சொன்னது. இன்று அந்த அகராதி இணையத்தில் இலவசம். ஆக்ஸ்ஃபோர்டின் மாணவர் அகராதியும் அப்படியே. முதலில் கற்க வேண்டிய 3,000 சொற்களை அது தனியே குறித்துக் காட்டுகிறது. 'ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதியா, அது நமக்குப் புரியாது' என்று ஒதுங்கும் பிள்ளைகள் முதலில் போக வேண்டிய இடம் இவைதான். தமிழ்ப் பொருள் வேண்டுமென்றால் தமிழ் விக்சனரி இருக்கிறது.

ஆனால் பொருளோடு நிறுத்திவிடக் கூடாது. நாம் மருந்து 'சாப்பிடுகிறோம்'. அதையே நம்பி ஆங்கிலத்தில் 'ஈட்' போட்டால் தவறு. அங்கே 'டேக்' வேண்டும். நாம் கனவு 'காண்கிறோம்'. ஆங்கிலத்தில் கனவைக் கண்ணால் பார்ப்பதில்லை, 'ஹேவ்' போட வேண்டும். எந்தச் சொல் எதோடு கூடி வரும் என்பதை இலக்கணப் புத்தகம் சொல்லாது. மாணவர் அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் சொல்லும். பொருளைப் பார்த்ததும் பக்கத்தை மூடாமல் அந்த வாக்கியங்களில் ஒன்றை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

மறதியின் கணக்கு

1885-ல் ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று அளந்து எழுதினார். மறதி முதல் சில மணி நேரத்தில் பாய்ந்து வருகிறது, பிறகு நிதானப்படுகிறது. ஒரே மூச்சில் படிப்பதைவிட, நாள் விட்டு நாள் பிரித்துப் படித்தால் அதே உழைப்புக்குக் கூடுதல் பலன்.

2006-ல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு குழு ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்தது. மீதி மூன்று சுற்றுகளில் பத்தியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முதல் குழுவுக்கு 83 சதவீதம், இரண்டாம் குழுவுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது முதல் குழு 40-க்குச் சரிந்தது. இரண்டாம் குழு 61-ல் நின்றது. இதில் வேடிக்கை என்னவென்றால், 'எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்' என்ற நம்பிக்கை அதிகம் இருந்தது வெறுமனே படித்த குழுவுக்குத்தான். காணொளி பார்த்து முடித்ததும் 'எல்லாம் புரிந்துவிட்டது' என்று தோன்றுகிறதே, அந்த உணர்வை நம்ப முடியாது.

இந்த இரண்டு உண்மைகளையும் கைக்குள் அடக்கும் கருவி சொல் அட்டை. 1972-ல் செபாஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர் அட்டைகளைப் பெட்டிகளாகப் பிரிக்கும் முறையைப் பரப்பினார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், நாள் கழித்து வரும். தப்பாகச் சொன்னது முதல் பெட்டிக்குத் திரும்பி நாளைக்கே எதிரில் நிற்கும். 2006-ல் வந்த 'ஆன்கி' என்ற செயலி இந்தக் கணக்கைத் தானே போடுகிறது. ஆண்ட்ராய்டு கைபேசியில் இலவசம். இணைய இணைப்பு இல்லாமலும் ஓடும். 'குவிஸ்லெட்' தளம், பள்ளியில் பிரெஞ்சுச் சொற்களைப் படிக்கத் திண்டாடிய ஓர் அமெரிக்க மாணவர் 2005-ல் தனக்காகவே செய்துகொண்டது. அடுத்தவர் செய்த ஆயிரம் அட்டைகளை இறக்கிக்கொள்வதைவிட, உங்கள் பாடத்தில் தடுக்கிய சொற்களை நாளைக்குப் பத்தாக நீங்களே சேர்ப்பது மேல். கைபேசி இல்லையா? பழைய கல்யாணப் பத்திரிகையைக் கத்தரித்தாலும் அட்டைதான்.

எழுத்து ஒன்று, ஓசை வேறு

ஆங்கிலப் புத்தகத்தில் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதிக்கொள்ளாத தமிழ்ப் பிள்ளை அபூர்வம். அவசரத்துக்கு உதவும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. 'பம்பரம்' என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள். முதல் 'ப' ஒரு ஓசை, இரண்டாவது 'ப' வேறு ஓசை. எழுத்து ஒன்றே, இடத்தை வைத்து நாக்கு தானாக மாற்றிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் இந்த இரண்டு ஓசையும் தனித்தனி. 'பேட்' என்று தமிழில் எழுதினால் அது கிரிக்கெட் மட்டையா, செல்லமாகத் தட்டுவதா என்று தெரியாது.

அழுத்தமும் அப்படித்தான். 'போட்டோகிராப்', 'போட்டோகிராபி' என்று எழுதும்போது கடைசி எழுத்துதான் மாறியதாகத் தெரிகிறது. பேச்சில் முதல் சொல்லுக்கு அழுத்தம் முதல் அசையில்; இரண்டாவதற்கு இரண்டாம் அசையில். அங்கே 'போ' சுருங்கி 'ஃப' ஆகிவிடுகிறது. பென்சில் குறிப்பில் இது தெரியாது, காதுக்குத்தான் தெரியும். மாணவர் அகராதிகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒலிப் பொத்தான் உண்டு. அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் ஒரு சிறு கோடு நிற்கும். 'யூகிளிஷ்' தளத்தில் ஒரு சொல்லைத் தட்டினால், யூடியூபில் யார் யாரோ அதைப் பேசும் இடங்களை ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டும்.

தொடர்ந்து கேட்க பிபிசியின் '6 மினிட் இங்கிலீஷ்' நல்ல தொடக்கம். ஆறு நிமிடம், ஆறு சொற்கள், பேச்சின் எழுத்து வடிவமும் உடன் கிடைக்கும். பிரிட்டிஷ் கவுன்சில் பதின்வயதினருக்கென்றே நடத்தும் தளத்தில் பயிற்சிகள் தர வரிசைப்படி இருக்கின்றன. இவற்றைப் பின்னணி இரைச்சலாக ஓடவிட வேண்டாம். ஒரு வாக்கியம் கேளுங்கள், நிறுத்துங்கள், கேட்டதை எழுதுங்கள், பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிடுங்கள். வகுப்பில் டீச்சர் சொல்லச் சொல்ல எழுதிய 'டிக்டேஷன்'தான் இது.

ஒரு எம்.பி.யில் ஒரு நாவல்

1971 ஜூலை 4 அன்று, இலினாய் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹார்ட் என்ற மாணவர் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைக் கணினியில் தட்டச்சு செய்து வைத்தார். 'புராஜெக்ட் குட்டன்பர்க்' அப்படித் தொடங்கியது. இன்று அங்கே 70,000-க்கும் அதிகமான நூல்கள், பெரும்பாலும் காப்புரிமைக் காலம் முடிந்தவை, காசில்லாமல் கிடைக்கின்றன. வெறும் எழுத்துக் கோப்பாக இறக்கினால் நடுத்தர அளவு நாவல் ஒரு எம்.பி.க்குள் அடங்கும், டேட்டா தீர்ந்துவிடும் என்ற கவலை வேண்டாம்.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் துணைப்பாடத்தில் வரும் 'தி டெம்பஸ்ட்' கதையையே எடுத்துக்கொள்வோம். ஷேக்ஸ்பியரின் அந்த நாடகத்தைச் சார்லஸ் லாம், மேரி லாம் என்ற தம்பியும் அக்காவும் 1807-ல் சிறுவர்களுக்கான கதையாக எழுதினார்கள். கதை வடிவமும் மூல நாடகமும் குட்டன்பர்க்கில் உள்ளன. 2005-ல் தொடங்கிய 'லிப்ரிவாக்ஸ்' தளத்தில் தன்னார்வலர்கள் இத்தகைய நூல்களை வாசித்துப் பதிந்து வைத்திருக்கிறார்கள். பாடம் முடிந்த பிறகு, கண் பக்கத்தில் இருக்க, காதில் அதே கதை ஓடட்டும். கதை முன்பே தெரியும் என்பதால் மொழி பயமுறுத்தாது.

எழுதித் தரும் இயந்திரம்

கட்டுரையை நொடியில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 1978-ல் ஸ்லமெக்கா, கிராஃப் என்ற ஆய்வாளர்கள், படித்த சொல்லைவிடத் தானே யோசித்து வருவித்த சொல் நன்றாக நினைவில் நிற்கிறது என்று காட்டினார்கள். இயந்திரம் எழுதிய கட்டுரையில் யோசனை இயந்திரத்துடையது. மாணவருக்கு மிஞ்சுவது கை வலி மட்டும்.

அதே இயந்திரத்தை வாத்தியாராக அமர்த்தலாம். முதலில் நீங்களே எழுதுங்கள். பிறகு, 'திருத்தி எழுதாதே, பிழை இருக்கும் வரியை மட்டும் காட்டு' என்று கேளுங்கள். 'போகிறேன், போகிறாள், போகிறார்கள்' என்று தமிழ் வினையின் வாலிலேயே ஆள் தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுவாயை விட்டுவிட்டால் வாக்கியம் நொண்டும். 'கோஸ்' என்பதில் வரும் கடைசி ஓசையை நாம் அடிக்கடி தவறவிடுகிறோம். 'எ', 'தி' என்ற முன்சொற்கள் தமிழில் இல்லாததால் அவற்றையும் மறக்கிறோம். இந்த மூன்றையும் நீங்களே தேடித் திருத்தினால் பாதிப் பிழை போய்விடும். இயந்திரம் சொல்வது சரியா என்று அகராதியில் பார்ப்பதும் ஒரு பயிற்சிதான். அது தவறையும் தயங்காமல் சொல்லும்.

இவ்வளவுக்கும் முன்னால் கையிலிருக்கும் பாடப்புத்தகத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் உள்ள க்யூஆர் கட்டங்கள் 'தீக்‌ஷா' தளத்தின் பாடங்களுக்கு இட்டுச் செல்கின்றன. இலங்கை மாணவர்களுக்குக் கல்வி அமைச்சின் 'இ-தக்சலாவ' இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கைபேசியில் ஆங்கிலம் எவ்வளவு நேரம் பார்த்தது என்று கணக்கெடுக்க வேண்டாம். ஒரு அகராதி, ஓர் அட்டைச் செயலி, ஓர் ஒலிப்பதிவு, இந்த மூன்றும் ஒரு பருவத்துக்குப் போதும். இரவு கைபேசியை வாங்கி வைத்துவிட்டு, 'இன்றைக்குப் படித்த பத்துச் சொல்லைப் பார்க்காமல் எழுது' என்று ஒரு தாளை நீட்டுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.