பொறுமையின் பெயரால்

"கணவன் அடித்தாலும் பொறுத்துப்போ, கடவுள் பார்த்துக்கொள்வார்" என்னும் அறிவுரை, கடல் கடந்த பின்னரும் நம்மவர் இல்லங்களில் ஓயவில்லை. துன்பத்தைச் சகிப்பதுதான் பக்தியா என்பதை நாம் சிந்தித்தல் வேண்டும்.

12ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த சிவனடியார் அக்கமகாதேவி. சென்னமல்லிகார்ச்சுனன் என்று இறைவனை அழைத்து வசனங்கள் இயற்றியவர். மன்னன் கௌசிகன் அவரை மணக்க விரும்பியபோது, தமது வழிபாட்டிற்கு இடையூறு செய்யலாகாது என்று அவர் நிபந்தனை விதித்ததாகவும், மன்னன் அதனை மீறியதும் அரண்மனையைத் துறந்து வெளியேறியதாகவும் மரபு கூறுகின்றது. கலியாண நகரில் அல்லமப்பிரபு அவரைக் கடுமையாக வினவினார். ஈற்றில், பசவண்ணர் முதலான அடியார்கள் அவரைத் தம்முள் ஒருவராக ஏற்றனர். 'அக்கா' என்பது அங்கு கிடைத்த உறவுப்பெயர்.

புறப்படும் துணிவை இறைநம்பிக்கை அளித்தது. அத்துணிவு தளராதவாறு காத்தது அடியார் கூட்டம்.

மொழி தெரியாத நாட்டில், பிள்ளைகளின் கைபிடித்து வெளியேறும் நம் சகோதரிக்கு முன்னையது உண்டு. பின்னையதை வழங்க வேண்டியவர்கள் நாமே. அன்னதானப் பந்தியில் அவளருகே அமரத் தயங்குவோமாயின், நமது வழிபாட்டிற்குப் பொருள் ஏது?