திருவுருவமும் அதன் பொருளும்

கடவுளை உருவிற் காண்டலில் உலகத்து மக்கள் ஒரு நெறியினரல்லர். கிரேக்கர் தம் தெய்வங்கட்குக் குறைவற்ற மானுட எழிலையே கொடுத்தனர். சாஞ்சிச் சிற்பியர் புத்தரை மானுட உருவாற் காட்டாது, திருவடி, ஆழி, போதிமரம் என்பவற்றாற் குறித்தனர். இசுலாமியர் பள்ளிவாயில்களில் உருவை விலக்கி, மறைமொழியின் எழுத்தையே அணியாக்கினர். சைவர் நெறி யாதோவெனின், உருவம், அருவம், அருவுருவம் என்னும் மூன்றனையும் உடன்படுவதென்க.

அவிநாசிபாளையத்தில் வாழும் எம்மனோர்க்கு இது காட்சியளவையானே விளங்கும். அவிநாசித் திருக்கோயிற் கருவறையிலுள்ள இலிங்கம் கண்ணுக்குப் புலனாதலின் அருவமன்று; கை கால் முதலிய உறுப்பின்மையின் உருவமுமன்று; ஆகலின் அருவுருவம். பேரூர்க் கனகசபையில் ஆடும் கூத்தப்பிரானோ உருவத்திருமேனி.

அவ்வுருவும் மானுட எழில் காட்ட எழுந்ததன்று. மனவாசகங்கடந்தார் உண்மை விளக்கத்துட் கூறுமாறு, துடி படைத்தலையும், அமைத்த கை காத்தலையும், தீ அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், எடுத்த திருவடி அருளலையும் உணர்த்தும். வீசிய கை அவ்வெடுத்த திருவடியையே சுட்டி நிற்றல் காண்க.

2004-ஆம் ஆண்டு சூன் 18-ஆம் நாள், செனீவா நகர்க்கருகேயுள்ள செர்ன் என்னும் அணு ஆய்வு நிலையத்தில், இந்திய அரசு அளித்த இரண்டு மீட்டர் உயரக் கூத்தப்பிரான் திருவுருவம் திறக்கப்பெற்றது. ஆண்டுள்ள பலகை அக்கூத்தை அணுத்துகளின் அசைவோடு ஒப்பிடுகின்றது. ஒப்புமை நன்றே. ஆயினும் துகளின் அசைவு சடத்தின்கண் நிகழ்வது. கூத்தோ உயிர்களின் மலநீக்கத்தின் பொருட்டு நிகழ்வது. எடுத்த திருவடியை மறந்து ஆட்டமொன்றனையே நோக்குவார் உருவைக் கண்டார், பொருளைக் கண்டாரல்லர்.