மூளையின் கையிருப்பைக் கரைக்கும் 'ஐஸ்'

போதைப்பொருள் எங்கிருந்தோ இன்பத்தைக் கொண்டுவந்து தருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 'ஐஸ்' எனப்படும் மெத்தம்பெட்டமைன் எதையும் கொண்டுவருவதில்லை. மூளை சேர்த்துவைத்திருக்கும், இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருளை ஒரே மூச்சில் செலவழிக்க வைக்கிறது.

ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகாயோஷி 1893இல் எபிட்ரினிலிருந்து உருவாக்கிய பொருள் இது. 1938இல் ஜெர்மனியில் 'பெர்விட்டின்' என்ற மாத்திரையாக விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் படைவீரர்கள் தூக்கத்தை விரட்ட அதை விழுங்கினார்கள்.

டோபமைன், நரம்பணுக்களின் முனையில் நுண்பைகளுக்குள் அடைந்திருக்கும். பசித்தவர் சாப்பாட்டைப் பார்த்தால் அதில் கொஞ்சம் வெளியேறி, பக்கத்து அணுவின் ஏற்பிகளைத் தொடும். வேலை முடிந்ததும் கடத்திப் புரதம் ஒன்று அதை மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்ளும். கொக்கைன் இந்தப் புரதத்தை அடைத்துவிடும், அவ்வளவுதான். மெத்தம்பெட்டமைனோ டோபமைனின் சாயலில் இருப்பதால் அதே வழியாக உள்ளேயே நுழைந்துவிடுகிறது. நுண்பைகளில் இருக்கும் டோபமைனை வெளியே தள்ளுகிறது. உள்ளே இழுக்க வேண்டிய புரதத்தையே திசைமாற்றி, டோபமைனை வெளியே கொட்ட வைக்கிறது. எலிகளின் மூளையில் அளந்தபோது, உணவு டோபமைனை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்கியது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆம்பெட்டமைன் பத்து மடங்கு வரை உயர்த்தியது. மெத்தம்பெட்டமைன் உடலில் பாதியாகக் குறையவே சுமார் 10 மணி நேரம் பிடிக்கும் என்பதால் ஆட்டம் சீக்கிரம் அடங்குவதும் இல்லை.

நுண்பைக்கு வெளியே தேங்கும் டோபமைன் சிதைந்து, நரம்பு முனைகளையே அரிக்கிறது. தொடர்ந்து பயன்படுத்துவோரிடம் கடத்திப் புரதங்களும் ஏற்பிகளும் குறைகின்றன. பிறகு சாப்பாடு, பாட்டு, பிள்ளையின் சிரிப்பு எதுவுமே மனத்தில் ஒட்டாது.

இந்தச் சேதம் ஓரளவு சீராகும். மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்கு மேல் போதையை விட்டிருந்தவர்களை மீண்டும் 'பெட் ஸ்கேன்' என்ற மூளைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். கடத்திப் புரதங்கள் கணிசமாகத் திரும்பியிருந்தன. நினைவாற்றலும் கை கால் இயக்கமும் அதே வேகத்தில் தேறவில்லை.

இந்தப் போதைப் பழக்கத்துக்கென அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை. மனநல ஆலோசனையும் நடத்தைப் பயிற்சியுமே சிகிச்சை. போதையை விட்டவர் பல மாதங்கள் எதிலும் நாட்டமில்லாமல் சுருண்டு கிடந்தால், வீட்டார் அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டக் கூடாது. மறுபடியும் போதையைத் தேடிப் போகும் ஆபத்து அதிகமுள்ள காலம் அதுதான்.