ஊடகவியலில் முனைவர் பட்டம்: உதவித்தொகைக்கு வழி உண்டு

இதழியலில் முதுகலை முடித்த பிள்ளைகளை மேலே படிக்கவைக்கப் பணத்துக்கு எங்கே போவது என்று நல்லூர்ப் பெற்றோர் நம்மிடம் கேட்கிறார்கள். சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை மத்திய அரசு 2022-23 முதல் நிறுத்திவிட்டது. அதோடு கதவு மூடிவிடவில்லை.

யுஜிசி நெட் தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. அதில் இதழியலும் வெகுமக்கள் தொடர்பியலும் சேர்ந்து ஒரு தனிப்பாடம். அதில் ஜேஆர்எஃப் தகுதி பெற்று, முனைவர் பட்டத்துக்குப் பதிந்தால் முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். பக்கத்துப் புதுவைப் பல்கலைக்கழகத்திலேயே இத்துறை இருக்கிறது.

திருமணம் ஆகிவிட்டதே என்று பெண்பிள்ளைகளின் படிப்பை நிறுத்திவிட வேண்டாம். 2022 யுஜிசி விதிகளின்படி அவர்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும், ஆய்வை முடிக்க 2 ஆண்டு கூடுதல் அவகாசமும் தரலாம். விண்ணப்பிக்க உதவி தேவைப்படுவோர் நம் அலுவலகம் வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உடனிருந்து நிரப்பித் தருகிறோம்.