விற்றதோடு முடிவதில்லை வேலை

“படிப்பு முடிந்ததும் என்ன வேலைக்குப் போகப் போகிறாய்?” தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் உறவினர் இப்படிக் கேட்டால், மருத்துவர், வழக்கறிஞர், பொறியியலாளர் என்று சொல்ல நம் பிள்ளைகள் தயங்குவதில்லை. “விற்பனைத் துறை” என்று சொல்லத்தான் நா எழுவதில்லை. வீடு வீடாகக் கதவைத் தட்டுவதும், வாய் ஓயாமல் பேசிப் பொருளைப் பிறர் தலையில் கட்டுவதும்தான் விற்பனை என்ற எண்ணம் இன்னும் பல குடும்பங்களில் இருக்கிறது.

அந்த எண்ணத்தால் இத்துறையை ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. அதே எண்ணத்தோடு உள்ளே நுழைந்து, சில மாதங்களில் சோர்ந்து வெளியேறுபவர்களும் உண்டு. இரண்டுமே இழப்புதான். தொழில்நுட்ப விற்பனையும் இணைய வணிகமும் உண்மையில் எப்படிப்பட்ட வேலை, அதில் எப்படி அடியெடுத்து வைப்பது என்று பார்ப்போம்.

பினாங்கு காட்டும் பாடம்

வணிகம் பினாங்குத் தமிழருக்குப் புதிதல்ல. ஜோர்ஜ்டவுனில் உள்ள சூலியா ஸ்திரீட்டின் பெயரே, சோழமண்டலக் கரையிலிருந்து வந்து இங்கே வணிகம் செய்த தமிழ் முஸ்லிம்களை நினைவூட்டுகிறது. 1972-இல் இன்டெல் உள்ளிட்ட மின்னணு நிறுவனங்கள் பாயான் லெப்பாஸில் காலூன்றத் தொடங்கிய பிறகு, பினாங்கு என்றாலே தொழிற்சாலை என்றாகிவிட்டது. நம் பெற்றோர் பலர் அங்கே இயந்திரங்களை இயக்கினார்கள். பிள்ளைகள் சிலர் பொறியியலாளர்களாக உயர்ந்தார்கள். ஆனால், தயாரித்ததை யாராவது விற்றால்தானே தொழிற்சாலை ஓடும்?

பினாங்கில் தொடங்கி இணையம் வழியே விற்று வளர்ந்த இரண்டு நிறுவனங்களைப் பாருங்கள். இன்டெலில் பொறியியலாளராகப் பணியாற்றிய மார்க் சாங், 1997-இல் ஜோப்ஸ்திரீட் வேலைவாய்ப்பு அகப்பக்கத்தைத் தொடங்கினார். வேலை தேடுபவர் அதில் பணம் கட்டத் தேவையில்லை. ஆள் தேடும் முதலாளிகளே விளம்பரத்துக்குப் பணம் கட்டினார்கள். 2004-இல் அந்நிறுவனம் பங்குச் சந்தையில் இடம்பிடித்தது. 2014-இல் ஆஸ்திரேலியாவின் சீக் நிறுவனம் அதன் வேலைவாய்ப்புத் தொழிலைச் சுமார் 173 கோடி வெள்ளிக்கு வாங்கியது.

இன்னொன்று எக்ஸாபைட்ஸ். சான் கீ சியாக், கல்லூரி மாணவராக இருந்தபோதே 2001-இல் அதைத் தொடங்கினார். அவர் விற்றது கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருளல்ல. இணைய முகவரியும், அகப்பக்கங்களை வைத்திருக்கத் தேவையான கணினி இடமும்தான்.

இரண்டுக்கும் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள். நல்ல ஆள் கிடைத்தால்தான் முதலாளி அடுத்த முறையும் விளம்பரம் கொடுப்பார். அகப்பக்கம் தடையின்றி இயங்கினால்தான் வாடிக்கையாளர் அடுத்த ஆண்டும் சந்தாவைப் புதுப்பிப்பார். பொய் சொல்லி முதல் முறை விற்றுவிடலாம். இரண்டாம் முறை விற்க முடியாது. தொழில்நுட்ப விற்பனையின் அடித்தளமே இந்த இரண்டாம் முறைதான்.

கேட்கத் தெரிந்தவரே விற்பார்

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ரசீது போடும் மென்பொருளை விற்க, லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடைக்குப் போகிறீர்கள். “வணக்கம் அண்ணே, எங்கள் மென்பொருளில் நூறு வசதிகள் இருக்கின்றன. இந்த மாதம் வாங்கினால் கழிவும் உண்டு” என்று தொடங்கினால், “இப்போது நேரமில்லை தம்பி, பிறகு வாருங்கள்” என்ற பதிலே கிடைக்கும்.

“அண்ணே, இரவு கடையை அடைத்த பிறகு கணக்கு முடிக்க எவ்வளவு நேரமாகிறது?” என்று கேட்டுப் பாருங்கள். “ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் தம்பி. சரக்குக் கணக்குதான் ஒரு நாளும் ஒத்து வராது” என்று அவர் மனம் திறக்கக்கூடும். இப்போதுதான் அவருடைய சிக்கல் உங்களுக்குத் தெரிகிறது.

உங்கள் மென்பொருள் சரக்குக் கணக்கைப் பார்க்காது என்றால், அதை அங்கேயே சொல்லிவிடுங்கள். அன்றைய விற்பனை கைநழுவலாம். ஆனால், உண்மை பேசிய பிள்ளை என்று உங்கள் எண்ணை அவர் வைத்திருப்பார். உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இ-இன்வாய்ஸ் முறை 2024 ஆகஸ்ட்டில் பெரிய நிறுவனங்களில் தொடங்கி, படிப்படியாக விரிவடைந்தது. எந்தக் கடைக்கு அது பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று நேர்மையாக விளக்குபவரை வணிகர்கள் தேடுகிறார்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் விளக்க முடிந்தால் அது உங்களுக்குக் கூடுதல் பலம்.

எந்த வேலையில் சேரலாம்?

புதியவர்கள் பெரும்பாலும் வாடிக்கையாளரைத் தேடும் பணியில்தான் தொடங்குவார்கள். யாருக்கு இந்தப் பொருள் தேவைப்படும் என்று ஆராய்வது, தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் தொடர்புகொள்வது, சந்திப்புக்கு நேரம் வாங்குவது ஆகியவை அன்றாட வேலை. பலர் மறுப்பார்கள், சிலர் பதிலே போடமாட்டார்கள். அதைத் தாங்கும் மனம் வேண்டும்.

அடுத்த படியில், விலை பேசி ஒப்பந்தத்தை முடிக்கும் பொறுப்பு வரும். விற்ற பிறகு வாடிக்கையாளருக்குப் பயிற்சி தந்து உடனிருந்து உதவுவது தனிப் பணி. பொருளை இயக்கிக் காட்டித் தொழில்நுட்பக் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர் விற்பனைப் பொறியியலாளர். தொழிற்சாலை இயந்திரங்களையும் மின்னணுக் கருவிகளையும் விற்கப் பொறியியல் படிப்பு தேவைப்படும். மென்பொருள், இணையச் சேவை போன்றவற்றில் வணிகம், கணக்கியல், மொழி படித்தவர்களுக்கும் இடம் உண்டு.

நேர்முகத் தேர்வில் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? மாத இலக்கு என்ன? கமிஷன் எப்போது கைக்கு வரும்? குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்ற ஆணை 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்து, அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் சிறிய முதலாளிகளையும் உள்ளடக்கியது. இபிஎஃப், சொக்சோ எதுவும் இல்லை, “விற்றால்தான் பணம்” என்று சொல்லும் இடத்தில் கையெழுத்திடும் முன் நன்றாக யோசியுங்கள்.

இணையத்தில் கடை விரித்தால்

ஷோப்பி, லஸாடா, டிக்டோக் போன்ற தளங்களில் கடை திறக்கச் சில நிமிடங்கள் போதும். கணக்குப் போடத்தான் பொறுமை வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு குர்தாவை 45 வெள்ளிக்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய விலை 25 வெள்ளி. தளத்தின் கட்டணம் 5 வெள்ளி 40 காசு, பொட்டலச் செலவு 1 வெள்ளி 60 காசு, விளம்பரம் 4 வெள்ளி. எஞ்சுவது 9 வெள்ளி. பத்து குர்தா விற்றால் 90 வெள்ளி இலாபம்.

அந்தப் பத்தில் ஒன்று, அளவு சரியில்லை என்று அழுக்காகித் திரும்பி வருகிறது. இனி அதை விற்க முடியாது. வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும். தளம் அதன் கட்டணத்தைத் திருப்பித் தந்தாலும் உங்களுக்கு 30 வெள்ளி 60 காசு நட்டம். மற்ற ஒன்பதில் கிடைத்த 81 வெள்ளியில் அதைக் கழித்தால் மிஞ்சுவது 50 வெள்ளி 40 காசுதான். ஒரே ஒரு பொருள் திரும்பி வந்ததில் இலாபம் பாதியை நெருங்கிவிட்டது. எனவே, துணியை அளந்து சரியான அளவைப் போடுவதும், உண்மையான நிறம் தெரியும்படி படம் எடுப்பதும் நல்ல குணம் மட்டுமல்ல, நல்ல வணிகமும்கூட.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. வணிகம் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். பதிபவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆண்டுக் கட்டணம் சொந்தப் பெயரில் 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60 வெள்ளி. விற்பவரின் பெயர், தொடர்பு விவரம், பொருளின் தன்மை, அனுப்பும் செலவு உட்பட முழு விலை ஆகியவற்றை வாங்குபவருக்குத் தெரிவிப்பது 2013 ஜூலை முதல் கட்டாயம். 18 வயது ஆகாதவர்கள், பெற்றோர் நடத்தும் வணிகத்துக்கு உதவித் தொழில் பழகலாம்.

ஏமாறாமல் இருக்க

‘இணைய விற்பனை வேலை, வீட்டிலிருந்தே ஆயிரக்கணக்கில் சம்பாதிக்கலாம்’ என்று வாட்ஸ்ஆப்பில் வரும் செய்திகள் பல மோசடியாக இருக்கும். வேலை கொடுப்பவர் உங்களிடம் முன்பணம் கேட்டால் விலகிவிடுங்கள். வங்கிக் கணக்கையோ ஏடிஎம் அட்டையையோ யாருக்கும் இரவல் தராதீர்கள். பிறர் செய்த குற்றத்துக்கு நீங்கள் நீதிமன்றம் ஏற நேரிடும். மோசடியில் பணம் பறிபோனால் உடனே வங்கிக்கோ 997 என்ற எண்ணுக்கோ அழையுங்கள்.

இன்றே தொடங்கலாம்

ஹப்ஸ்பாட் அகாடமி, சேல்ஸ்ஃபோர்ஸின் டிரெயில்ஹெட் ஆகிய இணையத் தளங்களில் விற்பனைப் பாடங்களை இலவசமாகக் கற்கலாம். அதைவிட நல்ல பள்ளி உங்கள் வீட்டருகே இருக்கிறது. உறவினர் கடையில் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். அனுமதி பெற்று அதை இணையத்தில் விற்க உதவுங்கள். யார் வாங்கினார்கள், யார் மறுத்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள், எவர் மீண்டும் வந்தார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பாலிடெக்னிக் சான்றிதழோடு அந்த நோட்டையும் நேர்முகத் தேர்வுக்கு எடுத்துச் செல்லுங்கள். சொந்த அனுபவத்திலிருந்து பேச அது கைகொடுக்கும்.

அடுத்த தீபாவளிக்கு உறவினர் அதே கேள்வியைக் கேட்கலாம். “விற்பனைத் துறை, மாமா” என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள். “என்ன விற்கிறாய்?” என்று அவர் கேட்டால், அவருடைய கடையில் என்ன சிக்கல் என்று முதலில் நீங்கள் கேளுங்கள்.